கம்பெனி ஜெட்டுதான் வாத்யாரே

தங்கச்சி மகன் பதினோரு பக்கக் காகிதத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டான். "மாமா, கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் என் பெயரை அவனே எழுதிவிட்டிருந்தான். உறவுமுறைக் கட்டத்தில் 'தாய்மாமன்'. எந்த அவசரம் என்று நான் கேட்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸ் ஓட்டப் போகிறவனுக்கு என்ன அவசரம் வரும் என்பது தெரிந்த குடும்பம்தான் நாங்கள். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் காகிதத்தைப் படிக்க வேண்டும் என்று ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தோன்றியது. வீட்டுக் கடன் பத்திரத்தைக்கூட நான் படித்ததில்லை.

முன்னால் போகிறவனுக்கே பாதை சொந்தம், முந்துகிறவன்தான் பொறுப்பு. ஓட்டும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. வண்டி மக்கர் செய்தால் கையைத் தூக்கு, அல்லது காலை நீட்டு. மஞ்சள் கொடி ஆடும் இடத்தில் முந்தாதே. நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமாக வருகிறவனுக்குக் குறுக்கே விழாதே. ஏழாம் பக்கத்தில் ஓர் உறுதிமொழி: சக போட்டியாளரிடம் கண்ணியமாக நடந்துகொள்வேன், தகாத வார்த்தை பேச மாட்டேன்.

"இதையெல்லாமாடா எழுதி வாங்குவாங்க?" என்றேன். "நாங்க ஒரு சொட்டு மை செலவில்லாம கடைப்பிடிச்சோம்."

அவன் பவ்யமாகத் தலையாட்டினான். நான் சொன்னதில் பாதி பொய். அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

நான் பிறந்தது திருவொற்றியூர். பட்டினத்தார் எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்து அடங்கிய ஊர். அதே ஊரில்தான், எதையும் துறக்க மனசில்லாத ஒரு கூட்டத்துக்காக என்ஃபீல்டு தொழிற்சாலையும் வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா ஆனது. ராணுவம் கேட்ட 800 புல்லட்டுகளில் ஆரம்பித்தது கதை. 1970-வாக்கில் தாய்க் கம்பெனி அங்கே கடையைக் கட்டிவிட, பிள்ளை மட்டும் எங்கள் ஊரில் தடதடத்துக்கொண்டே இருந்தான்.

அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தார். அந்தக் கால புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உலகத்துக்கே அதுதான் முறை என்று நம்பியவர் அவர். டூ-ஸ்ட்ரோக் வண்டிச் சத்தம் கேட்டால், "தையல் மிஷின் போவுது" என்பார். பத்தாவதில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டபோது, நான் போய்ச் சேர்ந்தது டோல்கேட் பக்கத்தில் இருந்த ஒரு தையல் மிஷின் கடையில். யமஹா ஆர்எக்ஸ் 100 வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 98 சிசி, 11 குதிரைத் திறன். கம்பெனி கொடுத்தது அவ்வளவு. மிச்சத்தை எங்கள் மாஸ்டர் அரத்தை வைத்துக் கொடுப்பார். சிலிண்டரில் போர்ட்டை ராவுவார், ஹெட்டை லேத்தில் கொடுத்து இழைப்பார், சைலன்சர் உள்குழாயை உருவிப் பரணில் போடுவார்.

முதல் வாரத்திலேயே மரியாதை கற்றுக்கொடுக்கப்பட்டது. டூ-ஸ்ட்ரோக் வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் உருகப் போகிறது. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வண்டி இழுக்காது. இதெல்லாம் தொழில் ரகசியம். மாஸ்டர் பிளக்கைக் கழற்றும்போது பக்கத்துக் கடைக்காரன் நின்றிருந்தால், அவனாகவே கடல் பக்கம் திரும்பிக்கொள்வான், குழாயடியில் பெண்கள் குளிக்கிற நேரத்தில் தெருவில் போகிறவன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. மாஸ்டர் பிளக்கைப் பார்த்துவிட்டு சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு இருமுவார். இருமல் கேட்டால் பக்கத்துக் கடைக்காரன் இந்தப் பக்கம் திரும்பலாம்.

அடுத்தது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட் விவகாரம். கார்புரேட்டரில் எத்தனாம் நம்பர் ஜெட் போட்டிருக்கிறாய் என்று போட்டியாளனைக் கேட்பது தவறு இல்லை. கேட்காவிட்டால்தான் 'என்னை ஒரு ஆளாகவே மதிக்கலை' என்று அவனுக்கு வருத்தம். ஆனால் கேட்கப்பட்டவன் உண்மையைச் சொல்லக் கூடாது.

"இன்னா ஜெட்டு போட்ருக்க?"

"கம்பெனி ஜெட்டுதான் வாத்யாரே."

கேட்டவன், "அதான பார்த்தேன்" என்று நம்பியவன் மாதிரி தலையாட்ட வேண்டும். சிரித்துவிட்டால் அவமரியாதை. நான் ஒருமுறை சிரித்துவிட்டு மாஸ்டரிடம் ஸ்பேனரால் ஒரு தட்டு வாங்கினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பந்தயத்துக்கு முன்னால் எதிராளி ஒரு பொருளைக் கேட்டால் கொடுக்க வேண்டும். பிளக், கேபிள், நட்டு, போல்ட்டு, எதுவானாலும் சரி. கொடுத்தவன் திருப்பிக் கேட்கக் கூடாது. வாங்கினவன் அடுத்த பந்தயத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. இதைப் பெரிய தர்மமாக நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். மேடை என்றால் தேரடி டீக்கடை. யாரிடமும் இரண்டாவது பிளக் இருக்காது என்பதும், இன்றைக்குக் கொடுக்காதவன் நாளைக்கு யாரிடமும் கேட்க முடியாது என்பதும் அந்தப் பேச்சில் வராது.

ரோட்டுப் பந்தயம் விடியற்காலையில் நடக்கும். டோல்கேட்டில் கிளம்பி, தேரடி, விம்கோ நகர், எர்ணாவூர் தாண்டி, எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்கு நேர் எதிரில் முடியும். 1970-லிருந்து புகைத்த நிலையம், 2017-ல் மூடிவிட்டார்கள். எங்களுக்கு அது மின்சாரம் தரும் இடம் என்பதைவிட, 'பிரேக் பிடி' என்று சொல்லும் அடையாளம்.

அந்த ரோட்டுக்கென்று சில முறைகள் இருந்தன. ஆலைச் சங்கு ஊதினால் பந்தயம் நிற்கும். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் நம் அப்பா, சித்தப்பாக்கள். சாவு ஊர்வலம் வந்தால் இரண்டு பேரும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நிற்க வேண்டும், அன்றைக்குப் பந்தயமே கிடையாது. காசிமேட்டுப் பக்கத்திலிருந்து மீன் கூடையோடு வரும் அம்மாக்களுக்கு வழி. அது மரியாதையால் மட்டும் இல்லை. ஒரு அம்மா வாயைத் திறந்தால் நம் மூன்று தலைமுறையும் நடுரோட்டில் வந்து நிற்கும். புல்லட்காரரைப் பந்தயத்துக்குக் கூப்பிடக் கூடாது. அவரும் வர மாட்டார். நாம் முந்தும்போது தானம் பண்ணுகிற தோரணையில் இடது பக்கம் ஒதுங்குவார், நாம் தானம் வாங்கியவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். அப்பாவையே ஒருமுறை அப்படி முந்தினேன். சாயங்காலம் சோறு போடும்வரை அவர் பேசவில்லை. பிறகு, "கிளட்ச் தேயுது உன் வண்டிக்கு" என்றார். உண்மைதான்.

காலை நீட்டுவதுதான் முக்கியம். மீன் லாரி சிந்திய தண்ணீர், டேங்கர் ஒழுகிய எண்ணெய் எது கிடந்தாலும், முன்னால் போகிறவன் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் எவ்வளவு பெரிய எதிரியானாலும் சரி. டிராக்கில் அதற்கு மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்ட கொடி இருக்கிறது, ஆட்டுவதற்கு ஆளும் இருக்கிறார். எங்களுக்கு ரப்பர் செருப்புப் போட்ட ஒரு கால். (2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியதே, அப்போது மீனவர்களுக்கு முன்கூட்டிக் காலை நீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை.)

போலீசுக்கும் எங்களுக்கும் ஓர் உடன்பாடு உண்டு. பிடித்தால் கேஸ் எழுத மாட்டார்கள். டயரில் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டு, வால்வைக் கடல் பக்கம் வீசிவிடுவார்கள். இரண்டு வண்டியையும் தள்ளிக்கொண்டு டோல்கேட் வரை நடக்க வேண்டும். தோற்றவன் டீ வாங்குவான், ஜெயித்தவன் பாரமான வண்டியைத் தள்ளுவான்.

நான் இதுவரை சொன்னதில் ஹெல்மெட் என்ற சொல் வரவில்லை. கவனித்திருப்பீர்கள். எங்களிடம் அது இல்லை. இருந்தவன் போட்டுக்கொண்டு வந்தால் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயர். அதுவும் எழுதாத விதிதான், மற்றவற்றைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டது. 1983-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்ததிலிருந்து டிரெய்லர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயின. டிரெய்லர் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வருகிற பைக் தெரியாது. எங்கள் வரிசைக் கடையில் என்னோடு ஸ்பேனர் பிடித்த ஒருவன் எர்ணாவூர்த் திருப்பத்தில் இடது காலை இழந்தான். காலை நீட்டிக் காட்டுகிற விதியைப் பற்றி அவன் முன்னால் நான் பேசுவதில்லை.

சோழவரத்துக்கு முதன்முதலாக 1987 பிப்ரவரியில் போனேன். செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோட்டில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. நிழல் என்று ஒரு கையளவு கிடையாது. கூட்டமோ திருவிழாக் கூட்டம். ஃபார்முலா ஒன்னில் ஓடி ஓய்ந்த என்சைன் காரை விஜய் மல்லையா கொண்டுவந்து ஓட்டிய மைதானம் அது. எங்கள் மாஸ்டர் திருவொற்றியூரிலிருந்து மணலி, மாதவரம் வழியாக எந்த வண்டியில் போனாரோ, அதே வண்டியில் ஹெட்லைட்டையும் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பந்தயத்துக்கு நின்றார். ஹெல்மெட் கட்டாயம். அதையும் அங்கேயே ஒருவரிடம் இரவல் வாங்கினார். மைதானம் முழுக்க விளக்கெண்ணெய் வாசனை. ரேஸ் ஆயிலில் அது இருக்கும். நம் ஊரில் மக்குப் பையனைத் திட்டுகிற அதே விளக்கெண்ணெய்தான் உலகத்திலேயே வேகமாக ஓடுகிற இன்ஜின்களுக்கு உயவு போட்டது என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பந்தயத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது செயினைச் சரிபார்த்த மாஸ்டர் முகம் மாறியது. செயின் லாக்கில் கிளிப் விரிந்திருந்தது. கையில் வேறு இல்லை. சுற்றிலும் பார்த்தார். நாலு வண்டி தள்ளி, ராயபுரம் கல்மண்டபத்தில் கடை வைத்திருந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். போன வருஷம் மாஸ்டரை அரை வண்டி நீளத்தில் தோற்கடித்தவர். மாஸ்டர் போகவில்லை, என்னை அனுப்பினார். பெரியவர்கள் கேட்டால் கடன், பையன் கேட்டால் உதவி. அப்படி ஒரு நுணுக்கம்.

"அண்ணே, மாஸ்டருக்கு செயின் லாக் வேணுமாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிகரெட் டப்பா மாதிரி ஒரு தகர டப்பாவைத் திறந்து, விரலால் துழாவி, ஒரு லாக்கை எடுத்துக் கையில் வைத்தார். ஓடி வந்து நானே மாட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார். ஒன்றும் பேசாமல் குந்தி உட்கார்ந்து, கொறடாவால் கிளிப்பைக் கழற்றி, திருப்பிப் போட்டு மாட்டினார். கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், திறந்த பக்கம் பின்னால். நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். எதிராளியின் வண்டிக்கு முன்னால் அவர் குந்தி உட்கார்ந்திருந்த காட்சி எனக்குள் அப்படியே பதிந்துபோனது. எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

மாஸ்டர் மூன்றாவதாக வந்தார். கல்மண்டபத்துக்காரர் நான்காவது.

மறுநாள் மாஸ்டர் லாக்கைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, காகிதத்தில் மடித்து, கூடவே ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்தார். "காசிமேட்டுல ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கினு போய் அவர் கைல குடு. வேற மீன் வாணாம். வீட்ல பல்லு இல்லாத அம்மா கீறாங்க, முள்ளு ஆவாது."

டோல்கேட்டிலிருந்து காசிமேட்டுக்குப் போகிற வழியில் தண்டையார்பேட்டை. தண்டையார்பேட்டையில் அகஸ்தியா தியேட்டர். 2020-ல் மூடினார்களே, அதேதான். அன்றைக்கு மூடாமல் இருந்தது என் துரதிர்ஷ்டம். மேட்னி பார்த்தேன், பரோட்டா சாப்பிட்டேன், மறுபடியும் உள்ளே போய் அதே படத்தை ஃபர்ஸ்ட் ஷோ பார்த்தேன். வெளியே வந்தபோது மீன் வாங்கவும் காசில்லை, வெறுங்கையோடு லாக்கைக் கொடுக்கவும் முகமில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விக்ஸ் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, காரணம் சொல்லாமல், ஒரு மாதம் முழுக்க சைலன்சர் கரி சுரண்டுகிற வேலையிலேயே என்னை வைத்திருந்தார்.

அந்த நாளை வரவே இல்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் திறந்தார்கள். பந்தயம் நகரத்துக்கு வடக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது. ஓட்டிப்போன வண்டியிலேயே பந்தயம் விடுகிற காலமும் போனது. 1994-ல் என்ஃபீல்டை ஐஷர் வாங்கியது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று பெரிய பெரிய ஆலைகளும் தெற்கே போயின. மாஸ்டர் கடையை மூடினார், பிறகு காலமும் ஆனார். நான் ஒரு டயர் கம்பெனி டிப்போவில் சேர்ந்து மரியாதையானவன் ஆனேன்.

இப்போது அந்த எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கிறது. ஓட்டுவதைவிட நிற்பதுதான் அங்கே தொழில். மேலே மெட்ரோ விம்கோ நகர் வரை போகிறது, எங்கள் பந்தய தூரத்தில் பாதியை ஏசியில் உட்கார்ந்து, ஒருவரையும் முந்தாமல் கடக்கலாம். ராத்திரி சில பையன்கள் லாரி வரிசைக்கு நடுவே முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிறார்கள். ஒருவன் ஓட்ட, ஒருவன் படம் பிடிக்க, எதிராளி என்று யாரும் இல்லை. தெருவில் ரேஸ் விட்டால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ஆகியிருக்கிறது. ஆனால் அரசாங்கமே ரேஸ் விட்டால் டிக்கெட் கொடுக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 31-லும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் தெருவை அடைத்து ஃபார்முலா 4 கார்களை ராத்திரியில் ஓடவிட்டார்களே. எங்கள் வால்வைப் பிடுங்கிப் போட்ட இலாகாவே தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பாதுகாப்புக் கொடுத்தது. பார்த்த எனக்குக் கண் கலங்கியது. மகிழ்ச்சியா, வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மருமகன் தன் செல்போனில் உலக ரேஸ் எல்லாம் காட்டினான். 2011-ல் ஸ்பெயின் ஹெரெஸில், மழையில் வாலன்டினோ ரோஸி வழுக்கி விழுந்து கேஸி ஸ்டோனரையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். ரோஸி எழுந்து ஓட்டி ஐந்தாவதாக வருகிறார், ஸ்டோனருக்குப் பந்தயம் போச்சு. முடிந்ததும் ரோஸி எதிராளியின் கேரேஜுக்கே போய் மன்னிப்புக் கேட்கிறார். ஸ்டோனர் முதலில் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார், பிறகு திறமையைவிட உங்களுக்கு ஆசை பெரிசு என்று சிரித்த முகமாகவே குத்துகிறார். "செம இல்ல மாமா?" என்றான் இவன். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. ரோஸி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. துக்க வீட்டுக்குள் செருப்போடு போகிற மாதிரி. அதே ரோஸி 2015-ல் மலேசியா செபாங்கில் மார்க் மார்க்கெஸை வளைவில் வெளியே ஒதுக்க, மார்க்கெஸ் விழ, ரோஸிக்கு மூன்று தண்டனைப் புள்ளி. கடைசிப் பந்தயத்தில் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி, ஐந்து புள்ளியில் உலகப் பட்டத்தை லொரென்ஸோவிடம் விட்டார். அவ்வளவு தடிமனான விதிப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை என்று எனக்கு ஒரு திருப்தி.

கையெழுத்துப் போட்டதற்குக் கூலியாக நானும் இருங்காட்டுக்கோட்டை போனேன். 3.7 கிலோமீட்டர் டிராக், கூரை போட்ட ஷெட், தயாராக ஆம்புலன்ஸ். பையன்கள் தோல் உடுப்பில் பாதி உரித்த வாழைப்பழம் மாதிரி நின்றிருந்தார்கள். பழக்கதோஷத்தில் பக்கத்து ஷெட் பையனிடம், "இன்னா ஜெட்டு?" என்று கேட்டேன். "அங்கிள், இதுல கார்புரேட்டரே இல்ல. எல்லாம் ஸ்டாக்" என்றான். நம்பியவன் மாதிரி தலையாட்டினேன். அவன் சொன்னது உண்மை என்று பிறகு தெரிந்தது. முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லிவிட்டானே!

காலைப் பயிற்சியில் அந்தப் பையனே வளைவில் சறுக்கி விழுந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, கிளட்ச் லீவர் உடைந்துவிட்டது. எங்கள் ஷெட்டுக்கு வந்தான். "ப்ரோ, லீவர் இருக்கா?"

மருமகன் பெட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று உறை பிரிக்காத புதுசு. இன்னொன்று போன மாதம் விழுந்து வளைந்து, நான் வைஸில் பிடித்து நிமிர்த்தியது. நான் கண்ணாலேயே பழசைக் காட்டினேன். இவன் பார்த்தான், புரிந்துகொண்டான், புதுசைப் பிரித்து அவனிடம் கொடுத்தான். எனக்கு வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. பிள்ளை வளர்ப்பு சரியில்லை என்று தங்கச்சியிடம் குறை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அவளுக்கு விஷயமே தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

லீவர் வாங்கியவன் ஆறாவது, எங்கள் பையன் ஒன்பதாவது. இன்ஜின் சூடு ஆறுவதற்குள் இவன் போனில் டிங் என்று ஒரு சத்தம். "650 ரூபா ஜிபே பண்ணிட்டான் மாமா." இவன் பணத்தைத் திருப்பி அனுப்பினான். அவன் மறுபடி அனுப்பினான். இரண்டு ஷெட்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. கடைசியில் அவன் இரண்டு ஐஸ்கிரீமோடு நேரில் வந்தான், கணக்கு முடிந்தது. மொத்தக் கடனுக்கும் ஆயுள் நாலு மணி நேரம்.

அன்றைக்கு ராத்திரி பீரோ மேலிருந்த விக்ஸ் டப்பாவை இறக்கினேன்.

கல்மண்டபத்துக்காரர் இருக்கிறார். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான், இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷத்தில் அந்த வழியாக நூறு தடவை போயிருப்பேன், ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவார், ஒரு தடவையும் எதுவும் கேட்டதில்லை. திங்கட்கிழமை போய், டப்பாவைத் திறந்து, அவர் உள்ளங்கையில் லாக்கை வைத்தேன்.

"இன்னாது?"

"சோழவரம்ணே. எண்பத்தேழு. குடுக்கவே இல்ல."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் பின்னைத் தடவினார். "இது தேஞ்சதுடா."

"துரு புடிச்சிருக்கும்ணே."

"குடுக்கறப்பவே தேஞ்சது. நல்லது ரெண்டு டப்பாக்குள்ளயே இருந்திச்சு. கேட்டா குடுக்கணும். நல்லதா பார்த்துக் குடுக்கணும்னு எவன் சொன்னான்?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "பின்ன எதுக்குண்ணே குந்தி உக்காந்து கிளிப்பத் திருப்பி மாட்னீங்க?"

"தலகீழா மாட்டினா கிளிப்பு தெறிச்சு, செயின் அறுந்து பின்னால வர்றவன் மூஞ்சில அடிக்கும். உங்க மாஸ்டர் ஸ்டார்ட்ல பிச்சுக்கினு போற ஆளு. பின்னால வர்றது நான்தான?"

உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்தோம். ரோட்டில் ஒரு டிரெய்லர் போய் முடிகிறவரை அவர் பேசவில்லை. நானே ஆரம்பித்தேன். "மாஸ்டர் மீன் குடுத்தனுப்ப காசு குடுத்தாரு…"

"தெரியும். ரெண்டு வாரம் கழிச்சு மூலக்கொத்தளத்துல பார்த்தேன் அவர. வஞ்சிரம் எப்படி இருந்திச்சு, அம்மா சாப்ட்டாங்களான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சாப்ட்டாங்க, முள்ளுதான் கொஞ்சம் அதிகம்னேன்."